காற்றுக்கும் வழி விடுவோம்

கிராமத்து நீர்க்குழாய்களில் காற்று வால்வின் பணி

மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரும் நாள் ஒரு திருநாளைப் போன்றது. கிணறு இறைத்துத் துப்புரவாக்கப்படுகிறது. தாங்கி கட்டி எழுப்பப்படுகிறது. ஊரே கூடி நின்று அகழி வெட்டிக் குழாய் புதைக்கிறது. பின்னர் ஒருநாள் பெயர்ப்பலகை திறக்கப்பட்டு, முதற்குடம் நிறைகிறது.

ஆறு மாதம் சென்றபின் அதே கிராமத்துக்குப் போனால் சில இடங்களில் வேறு கதை கேட்கிறோம். தாங்கி நிரம்பி வழிகிறது. முதல் ஒழுங்கைக்குத் தண்ணீர் தாராளமாக வருகிறது. கடைசி ஒழுங்கைக்கோ ஒரு சொட்டும் இல்லை. கடைசி ஒழுங்கையில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் முகாமிலிருந்து பிந்தி வந்தவர்கள், காணி பிரிக்கும்போது எஞ்சிய துண்டைப் பெற்றவர்கள், கணவரை இழந்த தாய்மார். ஏற்கெனவே பின்னுக்கு நிற்பவர்களே தண்ணீரிலும் பின்னுக்கு நிற்கிறார்கள். தண்ணீர் போகாத இடத்துக்குச் சந்தேகம் விரைவாகப் போய்ச் சேரும். "முன் வீட்டார் மோட்டர் பூட்டி இழுக்கினம்", "பம்ப் போடுற பொடியன் ஆள் பார்த்துத்தான் திறக்கிறான்" என்று பேச்சு எழும். சங்கம் இரண்டாக உடையும். சந்தாப் பணம் நின்றுபோகும்.

இக்குறைக்குக் காரணங்கள் பல இருக்கலாம். குழாய் சிறிதாக இருக்கலாம். எங்கேனும் கசிவு இருக்கலாம். உண்மையிலேயே யாரும் களவாக இழுக்கவும் கூடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாததால் எவரும் நினைத்துப் பார்க்காத ஒரு காரணமும் உண்டு. அது குழாய்க்குள் அகப்பட்டு நிற்கும் காற்று. அதை வெளியேற்றும் சிறு கருவிதான் காற்று வால்வு. அதை எங்கே வைப்பது, எந்த வகையைத் தெரிவு செய்வது, எப்படிப் பராமரிப்பது என்பதை இங்கு விளக்க முயல்கிறோம். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாமல் காத்திருக்கும் குடும்பங்களும் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. நாளை உங்கள் ஊருக்குத் திட்டம் வரும்போது, அகழி மூடப்படுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் உங்கள் கையில் இருக்கும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

வெறுங்குழாய் என்று நாம் சொல்லும் குழாய் வெறுமையானதல்ல; அது காற்றால் நிறைந்தது. கிராமத் திட்டங்களில் வழக்கமாக இடப்படும் 63 மில்லிமீற்றர் பீ.வி.சி. குழாய் ஒரு கிலோமீற்றர் நீளம் இருந்தால், அதற்குள் சுமார் 2500 லீற்றர் காற்று இருக்கும். தண்ணீர் உள்ளே வரவேண்டுமாயின் அவ்வளவு காற்றும் வெளியே போகவேண்டும். புதுக் குழாய்க்கு முதன்முறை நீர் விடும்போதும், திருத்த வேலைக்காக வெறுமையாக்கி மீண்டும் நிரப்பும்போதும் இது நிகழும்.

இரண்டாவது வழி, கிணற்றுப் பக்கம். பம்பின் உறிஞ்சு குழாயில் ஒரு பூட்டு இளகியிருந்தால், அந்த இடத்தால் தண்ணீர் வெளியே கசியாது. காற்றுத்தான் உள்ளே போகும். கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கி, புட் வால்வின்மேல் சுழி விழும்போதும் பம்ப் தண்ணீரோடு காற்றையும் குடிக்கும். தாங்கி வற்றும் வேளையில் அதன் அடிக்குழாயின் வாயிலும் இதே சுழி உண்டாகும்.

மூன்றாவது வழி பலர் அறியாதது. தண்ணீரிலேயே காற்று கரைந்திருக்கிறது. 1000 லீற்றர் நீரில் ஏறத்தாழ 15 முதல் 20 லீற்றர் வரை காற்று கரைந்திருக்கும். குழாய் மேட்டில் ஏறி அழுத்தம் குறையும் இடத்திலும், வெயில் பட்டுச் சூடாகும் இடத்திலும் அது குமிழாகப் பிரிகிறது. ஆகவே ஒருமுறை காற்றை வெளியேற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. காற்று நாளாந்தம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மேசன்மார் அறிந்த பாடம்

அத்திவாரத்துக்கு மட்டம் பிடிக்கும் மேசனிடம் ஒரு தெளிவான குழாய் இருக்கும். அதில் நீர் நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆனால் குழாயின் நடுவே ஒரு காற்றுக்குமிழ் அகப்பட்டுவிட்டால் மட்டம் பிழைத்துவிடும். அனுபவமுள்ள மேசன் முதலில் குழாயை உதறிக் குமிழைப் போக்குவார்; அதன் பின்னரே மட்டம் பார்ப்பார்.

நிலத்தில் புதைந்த குழாயிலும் அதுவே நடக்கிறது. காற்று தண்ணீரிலும் இலேசானது. ஆகையால் குழாயின் மேட்டுப் பகுதியில் தங்கும். ஓடிவரும் நீர் அதைத் தள்ளப் பார்க்கும். அது மேட்டின் மறுபக்க இறக்கத்தில் நீண்டு படியும். அவ்விறக்கத்தில் தண்ணீர் குழாயின் அடியில் மெல்லிய ஓடையாக வழிந்து போகும். மேலே காற்று நிற்கும். அந்தக் காற்றுத் தூணின் உயரம் எவ்வளவோ, அவ்வளவு உயரம் தாங்கியின் பலத்திலிருந்து கழிந்துவிடும். மேடுகள் பல இருந்தால் எல்லாக் கழிவையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

எங்கள் வன்னி நிலம் தட்டையானதாயிற்றே, மேடு எங்கே என்று சிலர் கேட்கலாம். குழாய் குளக்கட்டைக் கடக்கும் இடம் ஒரு மேடு. வீதி மதகின்மேல் ஏறி இறங்கும் இடம் ஒரு மேடு. பாறை தட்டியதால் அகழியை ஆழமாக வெட்டாமல் விட்ட இடமும் ஒரு மேடு. உண்மையில் தட்டை நிலத்திலேயே காற்றின் தொல்லை அதிகம். நல்ல சரிவு இருந்தால் குமிழ் நகர்ந்து ஒரு முனைக்குப் போகும். சரிவில்லாத குழாயிலோ அது நினைத்த இடத்தில் தங்கிவிடும்.

சண்டைக்கு முன் ஒரு சோதனை

வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் இந்தப் பிரச்சினையை நேரிலே கண்டோம். கடைசி ஒன்பது வீடுகளுக்குத் தண்ணீர் போகவில்லை. கூட்டத்தில் வார்த்தைகள் தடித்தன. கடைசி வீட்டு அம்மா ஒருவர் எழுந்து, "சுவாமி, தாங்கி வழியிறதை நாங்கள் இஞ்சையிருந்து பாக்கிறம். பிள்ளையள் இன்னும் முக்கால் மைல் போய்க் கிணத்திலைதான் அள்ளுதுகள். களவெடுக்கிறது ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

களவா இல்லையா என்று அறிய எளிய சோதனை ஒன்று செய்யப்பட்டது. மாலையில் தாங்கியை நிரப்பி, நீர்மட்டத்துக்கு அடையாளம் இட்டு, எல்லா வீட்டுக் குழாய்களும் பூட்டப்பட்டன. விடிந்து பார்த்தபோது மட்டம் இறங்கவில்லை. எனவே கசிவும் இல்லை, இரவில் களவும் இல்லை. பின்னர் கடைசி வீட்டுக் குழாய் மாத்திரம் திறக்கப்பட்டது. முதலில் ஒரு சீறல். பின்னர் ஒன்றும் இல்லை. தாங்கி மட்டமும் அசையவில்லை. மற்றக் குழாய்கள் யாவும் பூட்டியிருக்கத் தாங்கியில் நீர் குறைந்தால் அது எங்கோ வழியில் போகிறது என்று பொருள். குறையாமலே கடைசி முனை வரண்டு கிடந்தால், வழியில் ஏதோ அடைத்து நிற்கிறது என்று பொருள். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அக்கிராமத்துக் கணக்கைப் பாருங்கள். தாங்கியின் நீர்மட்டம் நிலத்திலிருந்து 20 அடி. கடைசி வீட்டுக் குழாயின் வாய் தாங்கி நிற்கும் நிலத்தை விட 7 அடி உயரம். ஆக, தண்ணீரைத் தள்ளும் உயரம் 13 அடிதான். வழியில் குளக்கட்டுக்கு அப்பால் குழாய் 8 அடி இறங்குகிறது. இரு மதகுகளில் தலா 3 அடி. இந்த இறக்கங்கள் யாவும் காற்றால் நிறைந்தால் கழிவு 14 அடி. இருப்பது 13, கழிவது 14. தண்ணீர் எப்படிப் போகும்?

குளக்கட்டின்மேல் வெளியே தெரிந்த இரும்புக் குழாயை வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் சிறு கல்லால் தட்டிப் பார்த்தார். "பறை மாதிரிக் கேக்குது, உள்ளுக்கை ஒண்டுமில்லை" என்றார். அந்த இடத்து இணைப்பைச் சற்று இளக்கியபோது, சைக்கிள் ரியூப்பின் வால்வைக் கழற்றியது போலக் காற்று சீறி வந்தது. கால் மணித்தியாலத்துக்கு மேல் சீறியபின் நீர் தெறித்தது. கடைசி வீட்டில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. இரு மதகடியிலும் அவ்வாறே செய்தபோது பலமாகவே ஓடியது. பின்னர் அந்த மூன்று இடங்களிலும் காற்று வெளியேற நிரந்தர வழி அமைக்கப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. தாங்கியிலிருந்து இறங்கிவரும் குறைந்த அழுத்தக் குழாயில்தான் இப்படி இளக்கிப் பார்க்கலாம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் ஒருபோதும் செய்யவேண்டாம். இணைப்புக் கழன்று பறந்து ஆளைக் காயப்படுத்தும்.

காற்றின் வேறு அடையாளங்களும் உண்டு. குழாய் இருமித் துப்பும். பம்பின் அழுத்தமானி நிலையில்லாமல் ஆடும். அதே அளவு நீருக்கு டீசல் கூடுதலாகச் செலவாகும். தண்ணீர் பால்போல வெண்மையாக வரும். அதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது காற்று. மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து அடியில் படிந்தால் அது சுண்ணாம்பு அல்லது மண்.

உள்ளே விடவும் வேண்டும்

காற்று வால்வின் வேலை காற்றை வெளியே விடுவது மட்டுமல்ல. வேண்டிய வேளையில் உள்ளே விடுவதும் அதன் வேலை. தாழ்வான இடத்தில் குழாய் உடைந்தால், அல்லது கழுவுவதற்காகத் திறந்துவிட்டால், நீர் வேகமாக வெளியே ஓடும். அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் காற்று வராவிட்டால் குழாய்க்குள் வெறுமை உண்டாகும். அந்த வெறுமை கிடைத்ததையெல்லாம் உறிஞ்சும். இளகிய மூட்டுக்களாலும் வெடிப்புக்களாலும் அகழியில் நிற்கும் அழுக்குநீர் உள்ளே வரும். மலசலகூடக் குழிக்கு அருகே குழாய் போகும் இடங்களில் நிலைமை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மாரி வெள்ளத்துக்குப் பின் ஊரில் வயிற்றோட்டம் பரவும்போது நாம் கிணற்றுக்குக் குளோரின் இடுகிறோம். குழாய் எதை உறிஞ்சியது என்று பார்ப்பதில்லை. மெல்லிய சுவருள்ள குழாய்கள் இந்த வெறுமையால் நசிந்து தட்டையாவதும் உண்டு.

மூன்று வகை வால்வுகள்

வால்வுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அநேகமாக அது ஒரு பந்து. காற்று இருக்கும்போது மிதவை கீழே கிடக்கும், துளை திறந்திருக்கும். நீர் வந்ததும் மிதவை எழும்பித் துளையை அடைக்கும். இதுவே அடிப்படை. துளையின் அளவைப் பொறுத்து வகைகள் பிரிகின்றன.

முதலாவது, பெருந்துளை வால்வு. குழாய் நிரம்பும்போது பெருமளவு காற்றை விரைவாக வெளியேற்றும். குழாய் வெறுமையாகும்போது விரைவாக உள்ளே விடும். ஆனால் ஒருமுறை நீர் நிரம்பி அழுத்தம் ஏறிவிட்டால் அது இறுகிவிடும். அதன்பின் காற்றுச் சேர்ந்தாலும் அழுத்தம் பந்தை மேலே தள்ளிப் பிடித்திருப்பதால் திறவாது. இதை அறியாமல், "வால்வு பூட்டியிருக்கிறதே, பிறகும் ஏன் காற்று?" என்று பலர் குழம்புவர்.

இரண்டாவது, சிறுதுளை வால்வு. இதன் துளை சில மில்லிமீற்றரே. துளை சிறியதால், அழுத்தம் இருக்கும்போதே மிதவை தன் பாரத்தால் கீழிறங்க முடியும். நாளாந்தம் சேரும் சிறு காற்றை இது சிறுகச் சிறுக வெளியேற்றிக்கொண்டிருக்கும். ஆனால் வெறுங்குழாயை நிரப்பும்போது வரும் பெருங்காற்றுக்கு இது போதாது.

மூன்றாவது, இரண்டும் சேர்ந்த இரட்டை வால்வு. விலை கூட. ஆயினும் முக்கியமான மேடுகளில் இதையே பொருத்துவது நல்லது.

எங்கே வைப்பது?

1. குழாய்ப் பாதையின் ஒவ்வொரு மேட்டு உச்சியிலும் இரட்டை வால்வு. மேடு என்பதை நிலத்தைப் பார்த்து அல்ல, குழாயைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். நிலம் சமமாக இருந்தும் அகழி ஏறி இறங்கியிருக்கலாம்.

2. இறக்கம் திடீரெனச் செங்குத்தாகும் இடத்திலும், ஏற்றம் திடீரெனத் தணியும் இடத்திலும். இங்கும் காற்று பிரிந்து தங்கும்.

3. மேடே இல்லாத நீண்ட குழாயில், ஏறத்தாழ 500 முதல் 800 மீற்றருக்கு ஒன்று.

4. பம்பை அடுத்து, திரும்பிவர விடாத வால்வுக்கு முன்பாக ஒன்று. பம்ப் நிற்கும்போது குழாயில் இறங்கி நிற்கும் காற்று, பம்ப் தொடங்கியதும் இதனால் வெளியேறும்.

5. இறக்கத்தில் கேற் வால்வு ஒன்று இருந்தால், அதற்குக் கீழ்ப்பக்கத்தில் ஒன்று. மேலே பூட்டியதும் கீழே உள்ள நீர் வழிந்தோடும். அவ்வேளை காற்று உள்ளே வரவேண்டும்.

வைக்கக்கூடாத இடமும் ஒன்று உண்டு. நீர் ஓடும்போது அழுத்தம் தாங்கியிலிருந்து குழாய் முனைவரை படிப்படியாகக் குறைந்து செல்கிறது. அதை ஒரு சாய்ந்த கோடாகக் கற்பனை செய்யுங்கள். குழாய் எங்கேனும் அந்தக் கோட்டுக்கு மேலே எழுந்தால், அங்கே உள்ளழுத்தம் வெளிக்காற்றிலும் குறைவாகிவிடும். அவ்விடத்தில் வால்வு வைத்தால் அது காற்றை வெளியேற்றாது, உள்ளே இழுக்கும். அதற்குப் பரிகாரம் வேறு வால்வு அல்ல. குழாயைத் தாழ்த்தவேண்டும், இல்லையேல் குழாயின் அளவைப் பெருப்பிக்கவேண்டும். இக்கணக்கைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுப் பெறுங்கள்.

எதை வாங்குவது?

63 முதல் 110 மில்லிமீற்றர் வரையான கிராமக் குழாய்களுக்கு 1 அங்குல வால்வு பெரும்பாலும் போதும். பெரிது நல்லது என்று எண்ணி அளவுக்கு மிஞ்சியதை வாங்கவேண்டாம். பெருந்துளையால் காற்று மிக விரைவாக ஓடினால், அதன் பின்னே வரும் நீரும் விரைந்து வந்து மோதிக் குழாயை அதிரச் செய்யும்.

வால்வின் மேல் அது தாங்கும் அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். 10 பார் என்றால் சுமார் 100 மீற்றர் நீருயரம். நம் கிராமங்களுக்கு அது தாராளம். ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. ஆகக் குறைந்த எந்த அழுத்தத்தில் இது ஒழுகாமல் மூடும் என்பதே நமது கேள்வி. 20 அடித் தாங்கி தருவது வெறும் 6 மீற்றர் நீருயரம். மேட்டில் அது 2 அல்லது 3 மீற்றராகக் குறைந்துவிடும். பெரிய குழாய்களுக்காகச் செய்யப்பட்ட சில வால்வுகள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இறுகாமல் ஓயாது ஒழுகும். அலுத்துப்போன யாராவது ஒருவர் அதற்கு ஆப்பு இறுக்கிவிடுவார். அத்துடன் அதன் பயனும் முடிந்தது.

பித்தளை நீடித்து உழைக்கும். ஆனால் பழைய இரும்புக்காரரின் கண் அதன்மேல் படும். பிளாஸ்ரிக் உடலுள்ளவை விலை குறைந்தவை. அவற்றை வெயில் படாமல் மூடிவைக்க வேண்டும்.

செலவு குறைந்த வழிகள்

எல்லா மேட்டுக்கும் வால்வு வாங்கப் பணம் போதாவிட்டால் மனம் தளரத் தேவையில்லை.

முதல் வழி, பொதுக் குழாயையோ ஒரு வீட்டுக் குழாயையோ மேட்டு உச்சியில் அமைப்பது. இணைப்பைப் பிரதான குழாயின் மேற்புறத்திலிருந்து எடுக்கவேண்டும். அங்கே ஒவ்வொரு முறை தண்ணீர் பிடிக்கும்போதும் சேர்ந்த காற்றும் வெளியேறும். ஒரு சதமும் கூடுதல் செலவில்லை.

இரண்டாம் வழி, திறந்த காற்றுக்குழாய். மேட்டு உச்சியிலிருந்து அரை அங்குலக் குழாய் ஒன்றைத் தாங்கியின் மேல் நீர்மட்டத்திலும் உயரமாக எழுப்பி, தூணில் அல்லது மரத்தில் கட்டி, வாயைக் கீழே வளைத்து நுளம்பு வலை கட்டிவிட்டால் போதும். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் பழுதாக ஒன்றுமில்லை. தாங்கியிலிருந்து வரும் குழாய்க்கே இது பொருந்தும். பம்ப் அழுத்தமுள்ள குழாய்க்குப் பொருந்தாது.

மூன்றாம் வழி, கையால் திறக்கும் சிறு குழாய் ஒன்று. கிழமைக்கு ஒருமுறை ஒருவர் போய்த் திறந்து காற்றை விட்டு மூடவேண்டும். பொறுப்பானவர் இருக்கும்வரை இது வேலை செய்யும்.

இவை எல்லாவற்றிலும் மேலானது அகழியை ஒழுங்காக வெட்டுவது. நீர் செல்லும் திசையில் ஏறும்போது 100 அடிக்கு 2½ அங்குலமாவது ஏறவும், இறங்கும்போது 100 அடிக்கு 4 அங்குலமாவது இறங்கவும் மட்டம் பிடித்து வெட்டினால், காற்று தங்கும் இடங்கள் தாமாகக் குறைந்துவிடும். மதகின்மேல் ஏற்றாமல் அதன் கீழால் கொண்டுபோக முடிந்தால் ஒரு மேடு குறையும்.

பொருத்துவதும் பராமரிப்பதும்

பிரதான குழாயின் உச்சியில் 'ரீ' ஒன்றை நேரே மேல்நோக்கிப் பொருத்தி, அதன்மேல் ஒரு கேற் வால்வு, அதன்மேல் காற்று வால்வு என்று அமைக்கவேண்டும். இடையில் கேற் வால்வு இருந்தால், ஊருக்கெல்லாம் தண்ணீரை நிறுத்தாமலே காற்று வால்வைக் கழற்றிக் கழுவலாம். வால்வு தூக்குக்குண்டு பிடித்ததுபோல நேராக நிற்கவேண்டும். சரிந்தால் மிதவை ஒழுங்காக மூடாது.

அதைச் சுற்றிச் சீமெந்துக் கல்லால் சிறு தொட்டி கட்டி மூடியிடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை எமது நிலம் வெள்ளத்தில் நிற்பதை மறக்கக்கூடாது. தொட்டிக்குள் வெள்ளம் நின்று, அவ்வேளை குழாய் வெறுமையானால், வால்வு காற்றுக்குப் பதில் அழுக்குநீரையே உறிஞ்சும். ஆகவே காற்று வாயைக் குழாய் போட்டு, வழக்கமான வெள்ள மட்டத்துக்கு ஒரு அடியாவது மேலே கொண்டுவந்து, கீழே வளைத்து வலை கட்டுங்கள். தொட்டியின் அடியில் நீர் வடிய வழி விடுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் போலச் சுண்ணாம்பு கூடிய நீர் உள்ள இடங்களில் சிறுதுளை விரைவில் அடைபடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, துளையை வினாகிரியில் ஊறவைத்துக் கழுவவேண்டும். கம்பியால் குத்திப் பெருப்பிக்கக் கூடாது. துளை பெருத்தால் மிதவை திறவாது.

குழாயை நிரப்பும்போது அவசரம் ஆகாது. நீர் குழாய்க்குள் செக்கனுக்கு ஒரு அடிக்கு மேல் நகரக்கூடாது. 63 மில்லிமீற்றர் குழாய்க்கு அது நிமிடத்துக்குச் சுமார் 45 லீற்றர். அதாவது 10 லீற்றர் வாளி 13 செக்கனில் நிறையும் வேகம். ஒரு கிலோமீற்றர் நிரம்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும். மேலேயுள்ள வால்வைச் சிறிது திறந்து, கடைசிக் குழாய்களைத் திறந்துவிட்டு, பொறுமையோடு காத்திருங்கள்.

தோட்டக் குழாய்களுக்கு

வெங்காயம், மிளகாய்க்குத் துளிநீர்ப் பாசனம் செய்வோருக்கும் இது பொருந்தும். பம்ப் நின்றதும் குழாய்களில் உள்ள நீர் தாழ்ந்த பக்கம் வடியும். உயர்ந்த பக்கத்தில் வெறுமை உண்டாகி, சொட்டுத் துளைகள் ஈரமண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். சில போகத்திலேயே துளைகள் அடைபட, "இந்தக் குழாய் கூடாது" என்று கழற்றி எறிவோரைப் பார்க்கிறோம். தோட்டத்தின் உயர்ந்த மூலையில் பிரிகுழாயின்மேல் ஒரு சிறு காற்று வால்வு வைத்தால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம். குழாய்வழியே பசளை கலப்பவர்கள் பம்படியில் திரும்பிவர விடாத வால்வு ஒன்றையும் கட்டாயம் பொருத்தவேண்டும். இல்லையேல் பசளைநீர் கிணற்றுக்கே திரும்பும்.

பொறுப்பு யாருடையது?

திட்டத்தின் செலவு மதிப்பீட்டைக் குறைக்கவேண்டி வரும்போது முதலில் வெட்டுப்படும் பொருட்களில் காற்று வால்வும் ஒன்று. அது இல்லாமலும் திறப்புவிழா அன்று தண்ணீர் வரும்; எனவே எவரும் கவனிப்பதில்லை. ஆகையால், ஊருக்குக் குழாய் போட வருபவர் எவராயினும், அகழி மூடுமுன் சங்கம் ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும். குழாய்ப் பாதையில் மேடுகள் எத்தனை? ஒவ்வொன்றிலும் காற்று எப்படி வெளியேறும்? வால்வு எந்த வகை, எவ்வளவு குறைந்த அழுத்தத்தில் மூடும்? வெள்ளத்தின்போது அதன் வாய் எங்கே இருக்கும்? அவை இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடம் சங்கத்திடம் தரப்படுமா? தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலும் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களத்திலும் பிரதேச சபையிலும் இதை விளங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது மக்களின் உரிமை, யாரையும் குறைசொல்வதாகாது.

திட்டம் கையளிக்கப்பட்டபின் பொறுப்பு ஊருடையது. வால்வுத் தொட்டிகளின் திறப்பு ஒருவரிடம் இருக்கட்டும். அவருக்கு உதவியாக இன்னொருவர் பழகட்டும். கழுவிய திகதியை ஒரு கொப்பியில் குறியுங்கள். சந்தாவில் ஒரு பகுதியை உதிரிப்பாகத்துக்கு ஒதுக்குங்கள். சங்கத்தின் நிர்வாகத்தில் கடைசி ஒழுங்கையிலிருந்து ஒரு பெண்ணாவது இருக்கட்டும். தண்ணீர் மெலிவதை முதலில் அறிபவர் குடத்தோடு நிற்பவரே.

தொடக்க நூலிலே ஈசாக்கின் ஆட்கள் கிணறு வெட்டியதையும், அவ்வூர் இடையர் வந்து வழக்காடியதையும் வாசிக்கிறோம். அவர் அடுத்த இடத்துக்குப் போய் வெட்டினார், அங்கும் சண்டை. மூன்றாம் இடத்தில்தான் சண்டை ஓய்ந்தது. எமது மக்கள் மூன்று இடமல்ல, அதற்கும் மேல் பெயர்ந்தவர்கள். 1990இலும் 1995இலும் 2008-2009இலும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இன்னும் ஒருமுறை தண்ணீரின் பெயரால் ஒருவரையொருவர் பகைத்து, ஊரைவிட்டுப் போக வேண்டாம். அயலவரைச் சந்தேகிக்குமுன் குழாயைத் தட்டிப் பாருங்கள். இந்த மாரிக்கு முன் உங்கள் சங்கத்தார் சேர்ந்து, தாங்கியிலிருந்து கடைசி வீடுவரை ஒருமுறை நடந்து, மேடுகளை எண்ணிக் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கோடு வேலையைத் தொடங்கலாம்.